பொய் லைனும் காதர் பாயின் காதும்

எங்கள் தெருவில் குடியிருக்கும் சரோஜினி, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே எட்டுக் கால் வைத்த கறுப்புப் பூச்சி மாதிரி ஒரு சாமான் இருந்தது. ஐ.சி. சில்லு என்றார்.

"ஏனுங்க ஐயா, நீங்க தந்தியில இருந்தவருங்கதான? இதப் பாருங்க. இதுக்கு உள்ள போறதுக்கு ரெண்டு வாசல். ஒண்ணு பிளஸ், இன்னொண்ணு மைனஸ். வெளிய வர்றதுக்கு ஒரே வாசல். வெளிய எத்தனை வோல்ட்டு வரும்னு பசங்களக் கேட்டா, பிளஸ்ஸுல போட்டதப் பெருக்கிச் சொல்றாங்க. மைனஸ் பக்கம் ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க."

"ரெண்டு வாசல்லயும் ஒரே அளவு கொடுத்தா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராதுங்க."

"ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தா?"

"சப்ளை எவ்வளவு கொடுத்திருக்கமோ, அது வரைக்கும் போயி முட்டி நின்னுக்குங்க."

"அப்படீன்னா அது எனக்குப் பழைய ஆளுதான் அம்மணி. அதோட நான் பல வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் தந்தி ஆபீஸில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இந்தப் பூச்சியெல்லாம் ஏது என்று நினைத்திருப்பார். பூச்சி இல்லைதான். ஆனால் அது செய்கிற வேலை இருந்தது. அதைச் செய்த கருவி ஒன்றரை வீசை எடை இருந்தது, பித்தளையில் செய்தது. அதைப் பற்றிக் காலேஜ் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று அம்மணி பிடித்துக்கொண்டார். எழுதுகிறேன், ஆனால் அதில் எனக்குப் பெருமை சேர்க்கிற சங்கதி ஒன்றும் இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி இறுதி தேறியதும் தோட்ட வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ரயில்வே தந்திப் பயிற்சிக்கு ஓடிவிட்டேன். "கவுண்டன் ஊட்டுப் பையன் கட்டையத் தட்டிப் பொழைக்கப் போறானாம்" என்று மாமன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். தந்தி அடிக்கிற விசைக்குக் கட்டை என்று பெயர். எட்டு மாதப் பயிற்சியில் விரல் கற்றுக்கொண்டது, தலை கற்றுக்கொள்ளவில்லை. கரும்பலகையில் போட்ட படங்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் அப்படியே போட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் போத்தனூரில் ஜாகை. பிறகு கோயமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் தந்தி ஆபீஸுக்கு மாற்றினார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

அந்த ஆபீஸில் எனக்கும் காதர் பாய்க்கும் எதிரெதிர் மேசை. நான் அனுப்புகிறவன், அவர் வாங்குகிறவர். அவர் கோட்டைமேட்டுக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். தந்தியில் இருபது வருஷம் பழுத்தவர். சவுண்டர் என்கிற கருவி டக்டக்கென்று தட்டத் தட்ட, அதைக் காதால் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டே என்னிடம் ஊர்க்கதையும் பேசுவார். எழுத்து ஒன்று பிசகாது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளக் கரைக்குப் போகிற கம்பி எங்கள் இரண்டு பேருடைய பொறுப்பு.

ஒரே கம்பி. அதில் நான் அனுப்பும்போதே எதிர்முனைக்காரனும் அனுப்புவான். இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் போகும். டூப்ளெக்ஸ் என்று பெயர். இதில் பெரிய சிக்கல், நான் தட்டுவது எங்கள் சவுண்டரிலேயே கேட்கக்கூடாது. எதிர்முனைக்காரன் தட்டுவது மட்டும்தான் கேட்க வேண்டும். இரண்டும் கேட்டால் சந்தைக்கடைதான்.

அதற்குச் செய்திருந்த தந்திரம்தான் அம்மணியின் பூச்சிக்குள்ளே இருக்கிற தந்திரம். என் கட்டையிலிருந்து புறப்படும் கரண்ட் இரண்டாகப் பிரியும். பாதி நிஜக் கம்பிக்குப் போகும். பாதி, சுவரோரம் இருக்கிற ஒரு பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியில் சுருள்சுருளாக மின்தடைக் கம்பி. வெளியே ஒரு பித்தளைத் திருகு. திருகைத் திருப்பினால் தடை கூடும், குறையும். நிஜக் கம்பி எவ்வளவு தடை காட்டுகிறதோ அதே அளவைப் பெட்டியில் வைத்துவிட்டால் அது நிஜக் கம்பி மாதிரியே நடிக்கும். நாங்கள் அதைப் பொய் லைன் என்போம். இந்த இரண்டு பாதிகளும் ரிலே என்கிற கருவிக்குள் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் வழியாகப் போகும். இரண்டும் சமமாக இருந்தால் ரிலேயின் நாக்கு அசையாது. எதிர்முனைக்காரன் கரண்ட் அனுப்பினால் நிஜக் கம்பியின் பக்கம் மட்டும் மாறும், நாக்கு சாயும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தராசைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இந்தத் தட்டில் எத்தனை, அந்தத் தட்டில் எத்தனை என்று முள்ளுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் கூட என்பது மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரு மூட்டை வைத்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். இன்னொன்று, நாக்கு சாய்வதற்கு எறும்பு பலம் போதும். சாய்ந்ததும் எங்கள் மேசைக்குக் கீழே இருக்கிற பாட்டரியிலிருந்து கரண்ட் பாய்ந்து சவுண்டர் அடிக்கும். சத்தத்தின் பலம் எங்கள் பாட்டரியுடையது. அடிக்கலாமா வேண்டாமா என்று சொல்வது மட்டும் அந்த வித்தியாசம். சரோஜினி அம்மணி சப்ளை வரைக்கும் போய் முட்டி நிற்கும் என்றாரே, அது இதுதான்.

இதற்குத் தினமும் காலை ஏழு மணிக்குப் பாலன்ஸ் எடுக்க வேண்டும். எடுக்கிற முறை ஒன்று உண்டு. எதிர்முனைக்காரனுக்குச் சொல்லி அவன் பக்கம் கம்பியைப் பூமியில் இணைக்கச் சொல்ல வேண்டும். பிறகு நான் என் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரிலேயின் நாக்கைப் பார்த்தபடியே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நாக்கு அசையாமல் நிற்கிற இடத்தில் நிறுத்தி, கட்டையை விட்டு விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் எதிர்முனைக்காரன் அவன் பக்கத்துக்கு எடுப்பான். ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிஷம். முடிந்ததும் ரிஜிஸ்தரில் "பாலன்ஸ் எடுக்கப்பட்டது" என்ற கட்டத்தில் கையெழுத்து.

காலை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் என்பது எங்களுக்குப் பொன். கூட்ஸ் வண்டிகளின் செய்திகள் குவிந்து கிடக்கும். எங்கள் ஆபீஸுக்கு டூப்ளெக்ஸ் வந்தது ஒரு புரட்டாசியில். ஐப்பசி மழையில் திருகு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தேன். தை மாதத்து வெயிலில் நின்ற இடத்தில் வெள்ளைப் பொட்டு வைத்தேன். அதன்பிறகு காலையில் பிளாட்பாரத்துக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன். வெயில் என்றால் வெள்ளைப் பொட்டு, மழை என்றால் சிவப்புப் பொட்டு. திருகை வைத்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுவேன். அரை நிமிஷ வேலை. என் கெட்டிக்காரத்தனத்தை எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஆனியில் காதர் பாய்க்குத் தகராறு ஆரம்பித்தது. எழுதிக்கொண்டே வருவார், திடீரென்று பென்சில் நிற்கும். எதிர்முனைக்காரனைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவார். ரிபீட் கேட்பது என்போம். ஒவ்வொரு ரிபீட்டும் கேட்டவர் பெயரோடு ரிஜிஸ்தரில் ஏறும். மாதத்துக்கு இரண்டோ மூன்றோ என்று இருந்த அவர் கணக்கு, நாளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று ஆனது. சவுண்டருக்குப் பின்னால் சத்தம் பெருகட்டும் என்று ஒரு மூக்குப்பொடித் தகரடப்பாவைக் கொண்டுவந்து செருகினார். அவ்வளவுதான், பாய்க்குக் காது போய்விட்டது என்று ஆபீஸில் பேச்சு கிளம்பிவிட்டது. அவர் லீவில் போன ஒரு நாள் மாற்று ஆள் வந்து உட்கார்ந்து அவனும் ரிபீட் கேட்டான். புது ஆள், அப்படித்தான் கேட்பான் என்று விட்டுவிட்டோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரிடம் உரக்கப் பேச ஆரம்பித்தேன். இரக்கம்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஊட்டுல எல்லாம் நல்லாக் கேக்குதுங்க. அடுப்படியில அவ மொணகறது வாசல் வரைக்கும் கேக்குது. இங்க வந்து உக்காந்தாத்தான் கொழம்புது. எழுத்து வருது, நடுவுல வேற எதோ பூந்துக்குது. இது காதுங்களா, மூளைங்களான்னு புரிய மாட்டீங்குது."

"பூண்டு எண்ணெய் காச்சி உட்டுப் பாருங்க பாய்" என்றேன், உரக்க.

"உட்டுட்டுத்தான் இருக்கேன். மேட்டுப்பாளையத்துப் பாக்குக்கடைக்காரர் ஊட்டுச் சம்பந்தம் சொன்னேனுங்களே, பெரியவளுக்கு. அவங்ககிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லிப்போட்டேன்."

"ஏனுங்க பாய், நல்ல எடமாச்சே. எதுக்கு?"

"காது போன தந்திக்காரனுக்கு வேலை ஏதுங்க? வேலை இருக்குதுன்னு நம்பிப் பொண்ணெடுத்துட்டுப் போவாங்க. அப்புறம் எங்கப்பன் ஊட்டுல உக்காந்துட்டாருன்னு அவ அங்க நின்னு சொல்லணும். மறைச்சுக் கொடுக்கறது தப்புங்க."

அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நான் என் தூக்கைத் திறந்தேன்.

எங்களுக்கு மேலதிகாரி லோபோ துரை, தந்தி இன்ஸ்பெக்டர். ஆங்கிலோ இந்தியர். போத்தனூரில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். வந்தால் தொப்பியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். யாருடைய நாற்காலியிலும் உட்காரமாட்டார், ஒரு முக்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்த பிறகுதான் கருவியைத் தொடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது யாரைப் பற்றியாவது வாய் திறந்தால் தன் பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்து, "பேசாதீங்க மிஸ்டர், எழுதுங்க" என்பார். பாதிப் புகார் அந்தப் பேனாவைப் பார்த்ததும் செத்துவிடும். அதனால் அவரிடம் எல்லோருக்கும் மரியாதை.

ஆடி பிறந்து ஒரு புதன்கிழமை வந்தார். எதிர்முனையிலிருந்து தாமதம் தாமதம் என்று புகார் போயிருந்தது. ரிஜிஸ்தரை வாங்கி நாற்பது நாள் பக்கங்களைப் புரட்டினார். ரிபீட் கட்டத்தில் காதர், காதர், காதர். பாலன்ஸ் கட்டத்தில் தினமும் என் கையெழுத்து, ஒரு நாள் விடாமல்.

"கருவி சரியாத்தான் இருக்குது" என்றார். அப்படித்தானே காகிதம் சொன்னது.

பிறகு எதிர்முனையை நூறு வார்த்தை அனுப்பச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்க கட்டையிலிருந்து கைய எடுத்துக்குங்க மிஸ்டர் பழனிச்சாமி, ரூம் அமைதியா இருக்கட்டும்" என்றார். நான் கைகட்டி நின்றேன். காதர் பாய் எழுதினார். நூறு வார்த்தை, ஒரு ரிபீட் இல்லை. லோபோ துரை தாளைச் சரிபார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இனி வழக்கம்போல் வேலை நடக்கட்டும் என்றார். நான் அனுப்ப ஆரம்பித்த மூன்றாம் நிமிஷம் பாயின் பென்சில் நின்றது.

"தனியா இருந்தா கேக்குது. பக்கத்துல சத்தம் இருந்தா முடியலே" என்று துரை மெதுவாகச் சொன்னார். "எனக்கு வருத்தந்தான் மிஸ்டர் காதர். வர்ற செவ்வாக்கிழமை ரயில்வே டாக்டர்கிட்டப் போங்க. ரிஜிஸ்தரும் கூடப் போகணும். அவர் தகுதியில்லைன்னு எழுதிட்டாருன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

காதர் பாய் எழுந்து நின்று, "சரிங்க" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. மத்தியானம் மேற்கேயிருந்து வருகிற மெயில் வந்து நின்றது. எங்கள் ஊரில் மண் வெடித்துக் கிடந்தது. கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. பாய் கை கழுவப் போயிருந்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பெட்டிகளின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கினவர்கள் கையில் நனைந்த குடைகள். ஒரு பெண்பிள்ளை அந்த வேகாத வெயிலில் முந்தானையைப் பிழிந்தபடி போனாள்.

"எங்கீங்க மழை?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"எங்கீங்களா? வாளையார் தாண்டுனா ஒரே வெள்ளக்காடுங்க. ஒரு மாசமா நிக்கவே இல்லீங்க" என்றார்.

நமக்கு மழை என்றால் ஐப்பசிதான். ஆனியிலும் ஆடியிலும் நமக்கு வருவது வெறும் காற்று. மழை அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். எனக்கு இது தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் கம்பி அந்த மழைக்குள்ளே முப்பது நாற்பது மைல் போகிறது என்பது ஒரு நாள்கூட என் புத்தியில் படவில்லை. என் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்து வெள்ளைப் பொட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே தந்திக் கம்பங்களில் கம்பியைத் தாங்குகிற பீங்கான்கள் நனைந்து, அவற்றின் வழியாகக் கரண்ட் ஒழுகி, நிஜக் கம்பி காட்டும் தடை குறைந்து போயிருந்தது. பொய் லைன் மட்டும் தை மாதத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

கட்டையில் கை வைத்து என் பெயரைத் தட்டினேன். காதர் பாயின் மேசையில், அவருடைய தகரடப்பாவுக்குள், என் பெயர் அரைகுறையாகக் கேட்டது. நாற்பது நாளாக அவருடைய எழுத்துக்களுக்கு நடுவே புகுந்துகொண்டிருந்தது நான்தான்.

உடனே எதிர்முனைக்காரனிடம் சொல்லி, பயிற்சியில் படித்த முறைப்படி பத்து நிமிஷம் எடுத்துப் பாலன்ஸ் பார்த்தேன். திருகு சிவப்புப் பொட்டையும் தாண்டிப் போய் நின்றது. பாய் வந்து உட்கார்ந்தார். நான் அனுப்பினேன், அவர் வாங்கினார். சாயங்காலம் வரை ஒரு ரிபீட் இல்லை.

"தம்பி, எண்ணெய் வேலை செய்யுதுங்க" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "அல்லா கண்ணத் தொறந்துட்டான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பது பொய்க் கையெழுத்து என்றால் என் வேலைக்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் சரியாகிவிட்டதே, செவ்வாய்க்கிழமை டாக்டர் காதைச் சோதித்தால் நல்ல காதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. டாக்டர் ரிஜிஸ்தரைத்தான் பார்ப்பார். காகிதத்தில் இருக்கிற நாற்பது நாளை இந்த மூன்று நாள் அழிக்காது. அந்தக் காகிதம் பொய் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை லோபோ துரை ரிஜிஸ்தரை எடுத்துப் போக வந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். எழுதினேன். பொட்டு வைத்தது, வானத்தைப் பார்த்தது, கையெழுத்துப் போட்டது எல்லாம் ஒரு பக்கம் வந்தது. முக்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார்.

"நாப்பது கையெழுத்தும் இப்பிடித்தானா?"

"ஆமாங்க."

"எப்பத் தெரிஞ்சுது?"

"வியாழக்கெழமைங்க."

"இன்னைக்குத் திங்கள்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு காதர் பாயை அவர் இடத்தில் உட்கார வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டு, திருகைத் தானே வெள்ளைப் பொட்டுக்குத் திருப்பினார். என்னை அனுப்பச் சொன்னார். பாயின் பென்சில் நாலு வார்த்தையில் நின்றது. "இப்பிடித்தானுங்க, இத்தன நாளும் இப்பிடியேதான்" என்றார் பாய். திருகைச் சரியான இடத்துக்குத் திருப்பினார். பென்சில் ஓடியது. "இப்போ நீங்க சொல்லுங்க மிஸ்டர் பழனிச்சாமி, உங்க வாயாலயே" என்றார் துரை. சொன்னேன். இந்தத் தடவை உரக்கப் பேசவில்லை.

காதர் பாய் தன் இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்போ என் காது நல்லாத்தான் இருக்குது" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைவார், அடித்தாலும் பட்டுக்கொள்வோம் என்றுதான் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "மேட்டுப்பாளையத்துக்குத் தாக்கல் சொல்லணுங்களே" என்றார்.

"நான் போறேனுங்க பாய்."

"போங்க தம்பி. நீங்க போனாத்தான் சரி. நான் போயி காது நல்லாருக்குதுன்னா, பொண்ணத் தள்ளிவிடறதுக்குப் பொய் சொல்றேன்னு நெனப்பாங்க."

லோபோ துரை டாக்டர் பரிசோதனையை ரத்து செய்து எழுதினார். என்னை ஒரு வருஷத்துக்கு டூப்ளெக்ஸ் மேசையிலிருந்து விலக்கினார். என் வேலைக்குச் சீட்டுக் கிழியவில்லை. தானே வந்து எழுதிக் கொடுத்தான் என்று ஒரு வரி சேர்த்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. போகும்போது என் பெயிண்ட் பொட்டுக்களைத் தன் பேனாக்கத்தியால் அவரே சுரண்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரயிலில் மேட்டுப்பாளையம் போனேன். பாக்குக்கடைக்காரர் பெரிய மனுஷர். கடை முன்னால் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"காதுக்காக நாங்க வேண்டாங்கலீங்க. அந்த மனுசர்தான் மறைக்காம வந்து சொல்லிப்போட்டு, வேற எடம் பாத்துக்கச் சொன்னாரு. அப்பிடிப்பட்ட ஊட்டுல பொண்ணெடுக்கணும்னு எங்க ஊட்டுல ஒத்தக்கால்ல நின்னாங்க. மனசு மாறுவாரான்னு ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்தோம். பையனுக்கு வயசு போகுதுங்களே."

"இப்போ சொல்லி அனுப்புனா..." என்று இழுத்தேன்.

"வேற எடத்துல வாக்குக் கொடுத்தாச்சுங்களே. வெள்ளிக்கெழமை தொழுகை முடிஞ்சுதான் பேசி முடிச்சோம்."

"எந்த வெள்ளிங்க?"

"இதா, போன வெள்ளிதானுங்க. ஒரு நாள் முன்னால நீங்க வந்திருந்தாக்கூட..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். "டீ ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

திரும்பி வரும்போது வண்டி காரமடை தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனில் காதர் பாய் பிளாட்பாரத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். என் நடையைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார்.

"முடிச்சுட்டாங்களா?"

"ஆமாங்க பாய்."

"எப்போ?"

"முன்னாலயே முடிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். என் தோளில் கையை வைத்தார். "அப்போ நாம என்னங்க செய்ய முடியும், அவளுக்கு எழுதுனது அவ்வளவுதான். நீங்க இத மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. உண்மையச் சொன்னீங்க, எனக்கு அது போதும்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. காதர் பாய் நேரில் வந்து அழைத்தார், என்னைப் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் தந்தியிலேயே இருந்து ஓய்வு பெற்று, சில வருஷங்களுக்கு முன்னால் காலமானார். என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும், தன் வேலையைக் காப்பாற்றிய உத்தமன் என்றுதான் கடைசிவரை சொன்னாராம்.

நான் வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் அன்று சாயங்கால வண்டியில் ஆள் போயிருக்கும். சம்பந்தம் பேசி முடித்தது மறுநாள் வெள்ளிக்கிழமைதான் என்பது அவருக்குத் தெரியாது. அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.